பிரம்புக் கொட்டகையில் பேப்பர் வாசிப்பு

அந்தப் பெண் வாசிக்க ஆரம்பித்து ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். முத்துப்பேச்சியின் கை நின்றது.

நார் அறுந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். அறுந்தால் அவள் "சனியன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்டு அடுத்த பிரம்பு நாரை எடுப்பாள். அன்று எதுவும் சொல்லவில்லை. பாதி பின்னிய நாற்காலியை மடியில் சாய்த்துக்கொண்டு, முகத்தைச் சற்றுத் தூக்கி, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுத்து ஆண்டிச்சாமியின் கை நின்றது. பிறகு சுருளிவேலின் கை. ஒவ்வொருவராக ஒன்பது பேரும் நிறுத்திவிட்டார்கள். ஆறு வருஷத்தில் அந்தக் கொட்டகை அப்படி ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கொட்டகை. பார்வையில்லாதவர்கள் ஒன்பது பேர் அங்கே நாற்காலி பின்னினார்கள். கோயில் பங்கில் நடத்தியதுதான் என்றாலும் வேதக்காரர்கள், இந்துக்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் சர்க்கார் கச்சேரிகளுக்கும் அங்கிருந்துதான் நாற்காலி போகும். தினமும் பத்து மணியிலிருந்து பதினொரு மணிவரை நான் அவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். சம்பளம் கிடையாது. யாரும் கேட்டு நான் வரவில்லை; நானாகத்தான் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருஷம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தேன். அதனால் எல்லாருக்கும் நான் டீச்சர். ஆரோக்கியம்மாள் என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் என் கணவர் ஒருவர்தான் இருந்தார். அவரும் கூப்பிடுகிறவர் அல்ல. தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கராக இருந்த அவருக்குச் சாப்பிடும்போது பேச்சுப் பிடிக்காது. சாப்பிட்ட பிறகு தூக்கம் வந்துவிடும். பிள்ளைகள் இல்லை. ஒரு நாளில் நான் வாய்விட்டுப் பேசிய வார்த்தைகள் பெரும்பாலும் அந்தப் பேப்பரில் அச்சானவைதாம்.

நன்றாக வாசிப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. மதுரையிலிருந்து ரயிலில் வரும் பேப்பர் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடும். ஒரு முறை உரக்க வாசித்துப் பார்த்துக்கொண்டுதான் கிளம்புவேன். ஊர், தேதி, தலைப்பு என்று எதையும் விட மாட்டேன். ழகரம் சறுக்காது. ஒற்று விழுங்க மாட்டேன். நான் வாசிக்க வாசிக்க அவர்களுடைய விரல்கள் நாரை இழுத்துக் கண்ணிக்குள் கொடுத்து மறுபக்கம் வாங்கிக்கொண்டே இருக்கும். என் குரலின் தாளத்துக்கு அவை அசைவதாக நினைத்துக்கொள்வேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பதினொரு மணிக்குப் பேப்பரை மடிக்கும்போது என் மனசு நிறைந்திருந்ததற்கு அதுதான் காரணம்.

அறுபத்தொன்றாம் வருஷம் மார்ச்சில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று வாரம் பேசவே கூடாது என்றார் டாக்டர். அந்த மூன்று வாரத்துக்குக் கொட்டகை மேனேஜர் செபஸ்தியான் ஒரு பெண்ணைப் பிடித்தார். பெயர் பொன்னழகு. ரெட்டியார்சத்திரத்துக் காய்கறி போடும் சம்சாரியின் மகள். பத்தாவது முடித்துவிட்டு டவுனில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள தினமும் பஸ்ஸில் வந்தாள். நான் திரும்பி வந்த பிறகும் மேனேஜர் அவளை நிறுத்தவில்லை.

"செவ்வாயும் வெசாழனும் அந்தப் பிள்ளை வாசிக்கட்டும் டீச்சரம்மா. ஒங்க தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல" என்றார்.

கைகள் ஓய்ந்த அந்த வியாழக்கிழமை, அவள் எப்படித்தான் வாசிக்கிறாள் என்று பார்க்கப் போய் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வாசிக்கவே இல்லை. பேப்பரை முழங்காலில் போட்டுக்கொண்டு ஒரு பத்தியைக் கண்ணால் ஓட்டினாள். பிறகு நிமிர்ந்து, பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"கேளுங்க, ருஷ்யாக்காரன் ஒருத்தன் ராக்கெட்டுல ஏறி வானத்துக்குப் போயிட்டு வந்துட்டானாம். நெசமாத்தான். பூமிய ஒரு சுத்து சுத்தியிருக்கான். எம்புட்டு நேரம்ங்கிறீங்க? நூத்தியெட்டு நிமிஷம். நான் ரெட்டியார்சத்திரத்துல பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்து இங்க வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகுது!"

"ஒத்தையாவா போனான்?" என்றாள் முத்துப்பேச்சி.

"ஒத்தையாத்தான் அக்கா."

"ஒன்னுக்கு வந்தா எங்க போவான்?" என்றான் சுருளிவேல். கொட்டகையே சிரித்தது.

"நானும் அதத்தான் தேடுறேன் அண்ணே. பேப்பர்ல போடல."

ஆண்டிச்சாமி சிரிக்கவில்லை. "கெணத்துக்குள்ள வடத்தப் புடிச்சு எறங்கயிலேயே எனக்குக் கொடல் கலங்கும். அம்புட்டு ஒசரம் போனவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றார்.

அந்தப் பெண் பேப்பரைக் கீழே வைத்தாள். "எப்படி மாமா இருக்கும்? சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். பத்து நிமிஷம் சொன்னார். அவர் கிணறு வெட்டினவர் என்பது எனக்குத் தெரியும். பாறைக்கு வெடி வைத்ததில் கண் போனதும் தெரியும். இறங்கும்போது மேலே வானம் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போகும் என்பதும், அதைப் பார்க்காமல் இருக்கக் கயிற்றையே பார்த்துக்கொண்டு இறங்குவார் என்பதும் எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக அவருக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து அரிசி விலையும் மந்திரிகளின் பேச்சும் வாசித்திருக்கிறேன். அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பதினொரு மணிக்கு அவள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு முத்துப்பேச்சியின் அருகில் போய் நின்றேன். எனக்கு என்ன வேண்டுமென்று எனக்கே தெரிந்திருந்தது. வெட்கமில்லாமல் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு நல்லா வாசிக்குது, இல்ல?"

"அது எங்க வாசிக்குது? பேசுதுல்ல" என்றாள்.

"அப்போ நான் வாசிக்கிறது?"

"ஒங்களுக்கென்ன டீச்சர்! ஒங்க கோயில்ல சாமியார் லத்தீன்ல பூசை வைக்கிறாருல்ல, அது கணக்கா இருக்கும். ஒன்னும் வெளங்காது. ஆனாலும் காதுல விழுந்தா நல்லதுதானேன்னு இருப்போம்."

சுருளிவேல் களுக்கென்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவர்களுக்கு என் முகம் தெரியாது என்பதால் சிரிப்பின் சத்தம் மட்டும் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு செவ்வாயும் வியாழனும் நான் வீட்டில் இருக்கவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அவள் விட்டுவிட்ட செய்திகளை எண்ணினேன். தப்பாகச் சொன்ன ஊர்ப் பெயர்களை எண்ணினேன். அவளுடைய ரவிக்கை தோளில் ஊக்குப் போட்டுச் சுருக்கியிருந்தது. அக்காள் யாருடையதாகவோ இருக்கும். அதைப் பார்த்து ஒரு நிமிஷம் ஆறுதல் அடைந்தேன். பிறகு அந்தக் கொட்டகையில் அதைப் பார்க்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது நினைவுக்கு வந்தது. அவள் ஒரு செய்தியின் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தேன். "ஐயோ, ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம்" என்று வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். எல்லாரும் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? தண்ணீர் கொடுத்தேன் என்றா?

என் நாட்களில் நானும் கைகளையே கவனிக்க ஆரம்பித்தேன். வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஒன்றுகூட நிற்காது. ஒரு கொலைச் செய்தியை மிக மெதுவாக வாசித்துப் பார்த்தேன். நார் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. அந்த அசைவு எத்தனை வருஷம் என்னைச் சந்தோஷப்படுத்தியது! இப்போது அது மழை பெய்வதைப் போல, என்னைச் சேராத ஏதோ ஒன்றைப் போல இருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வாசித்து முடித்த கையோடு மேனேஜரைப் பார்க்கப் போனேன். அவருடைய ஆபீஸ் என்பது கொட்டகையின் ஒரு மூலையில் மூங்கில் தட்டி வைத்து அடைத்த இடம். உள்ளே போகும் முன் திரும்பிப் பார்த்தேன். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. யாரும் நான் போவதைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தட்டியின் இடுக்கு வழியே என் முகம் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டேன்.

"சார், நான் குறை சொல்ல வந்ததாக நினைக்கக் கூடாது. பொன்னழகு வாசிக்கிற நாளில் வேலை நடப்பதில்லை. கை நின்றுவிடுகிறது. நார் காய்ந்துபோகிறது. மறுபடி ஊற வைக்க வேண்டியிருக்கிறது."

"நானும் கவனிச்சேன் டீச்சரம்மா. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள அறுபது நாற்காலி குடுக்கணும். என்னதான் செய்யிறதுன்னு தெரியல" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அது உண்மை. உண்மை அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அவர் இன்னும் முடிவுக்கு வராதது போல மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அவள் செய்தியா சொல்கிறாள்? வேடிக்கை காட்டுகிறாள். பாதியை விட்டுவிடுகிறாள், பாதியைச் சேர்த்துக்கொள்கிறாள். பாவம், கண்ணில்லாத ஜனங்கள். எது செய்தி, எது கதை என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மேஜையைத் தட்டுவதை நிறுத்தினார். பிறகு, "சரி, இப்போதைக்கு நிறுத்திருவோம். நாற்காலி முக்கியம்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பூக்காரியிடம் மல்லிகை வாங்கினேன். நான் பூ வாங்குகிறவள் அல்ல.

திங்கட்கிழமை வாசித்தேன். செவ்வாயும் நானே வாசித்தேன். உட்கார்ந்ததும் ஆண்டிச்சாமி கேட்டார்: "அந்தப் புள்ள வரலையா?"

"டைப்ரைட்டிங் பரீட்சையாம்" என்றேன்.

"அப்படியா" என்றாள் முத்துப்பேச்சி.

அந்த வாரம் முழுவதும் கொட்டகை எனக்குத்தான். யாரும் இருமவில்லை. யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்கவில்லை. கைகள் முன்னைவிட வேகமாகப் போயின. மேனேஜருக்கு ஏகத் திருப்தி. எனக்கு ஏனோ சுவருக்கு வாசிப்பது போல இருந்தது. நான் வாசித்தால் அப்படித்தான் இருக்கும், எப்போதும் அப்படித்தான் இருந்தது, இப்போதுதான் எனக்குத் தெரிகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அவள் இருந்த நாட்களில் எனக்குக் கிடைக்காததை அவள் இல்லாத நாட்களில் எதிர்பார்த்தேன். அவளைத் தள்ளிவிட்டால் அந்த இடத்தில் இருந்தது எனக்கு வந்துவிடும் என்று, ஒரு நாற்காலியைப் போல, நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, இரண்டாம் பக்கத்துக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் நடுவில், நான் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தேன். "யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?" என்றேன்.

நார் இழுபடும் சத்தம் நிற்கவில்லை.

"ஒன்னு கேக்கலாமா டீச்சர்?" என்றாள் முத்துப்பேச்சி.

சட்டென்று நிமிர்ந்தேன். அவ்வளவு ஆசை எனக்கு. "கேளு" என்றேன்.

"எது செய்தி, எது கதைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு உடனே புரியவில்லை. நல்ல கேள்வி என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்த வாக்கியத்தின் சொந்தக்காரி யார் என்பது தெரிந்தது.

"தட்டிக்கு இந்தப் பக்கந்தான டீச்சர் நாங்க இருந்தோம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. நாரை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஒங்க பேச்சு அம்புட்டுச் சுத்தம். ஒரு எழுத்துச் சிந்தாம எங்க காதுல விழுந்துச்சு."

"கைய நிறுத்திட்டுல்ல கேட்டோம்" என்றான் சுருளிவேல்.

"ஏலே, விடு. பேச்சி, நீயும் விடு" என்றார் ஆண்டிச்சாமி.

"நான் என்ன வஞ்சேனா? கேக்கச் சொன்னாக, கேட்டேன்."

நான் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆறு வருஷம் அவர்களோடு இருந்தும், ரகசியம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் செய்வது என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆறு வருஷத்தில் அவர்கள் வேலையை விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் என்னைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பரீட்சை என்று நான் சொன்னபோதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "அப்படியா" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் என் பொய்யோடு உட்கார்ந்து நாற்காலி பின்னியிருக்கிறார்கள்.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். வாசலுக்கும் ஆபீசுக்கும் ஒரே தூரம்தான். ஆபீசுக்குப் போனேன். இந்த முறை உட்காரவில்லை.

"சார், அந்தப் பெண்ணை மறுபடி வரச் சொல்லுங்கள். கை நிற்கிறது என்று நான் சொன்னது உண்மை. மற்றது நானாகச் சேர்த்தது."

செபஸ்தியான் என்னைப் பார்த்தார். பிறகு தட்டியைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை.

"அது சரி டீச்சரம்மா, நாற்காலி?"

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆண்டிச்சாமியின் குரல் வந்தது. "நாங்க சோத்து நேரத்துல கேட்டுக்கிறோம்யா! சோறு திங்கயில காது சும்மாத்தான இருக்கு?"

"சோத்து நேரம் ஒங்க நேரம். என்னமும் பண்ணுங்கப்பா" என்று மேனேஜர் தட்டியைப் பார்த்துக் கத்தினார்.

அப்படித்தான் ஏற்பாடு ஆயிற்று. பத்து மணிக்கு நான் வாசித்தேன். பன்னிரண்டரைக்கு, மதியத்துக்கு மாற்றிக்கொண்ட டைப்ரைட்டிங் வகுப்புக்கு முன்னால், அவள் வந்தாள். தூக்குச்சட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் வெஞ்சனத்தை ஒருவர் பிசைந்து தின்றுகொண்டு கேட்டார்கள். ஒரே பேப்பர்தான் என்பதால் என்னிடமிருந்துதான் அவள் வாங்க வேண்டும். அதற்காக நான் பன்னிரண்டரைவரை கோயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு வாசல் கேட்டுக்கு வருவேன்.

முதல் நாள் ஓடிவந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். "வாரேன் டீச்சர், பஸ்ஸு பிந்திருச்சு. இன்னைக்கு என்ன விசேஷம்?"

முத்துப்பேச்சி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்தே சிரித்தாள் என்றால் அது பெரிய மனசு. தெரியாமல் சிரித்தாள் என்றால் அது சின்ன வயசு. இரண்டுமே என்னிடம் இல்லாதவை.

சொன்னேன். பேப்பரை முழுக்கப் படிக்க அவளுக்கு நேரமில்லை என்பதால் கேட்டுக்கு அருகில் நின்று சொன்னேன். கோயமுத்தூரில் ஒருவர் தன் பெயரே கொண்ட இன்னொருவருடைய எழவுக்கு வந்த மாலைகளைத் தவறாகத் தன் வீட்டில் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்ப முடியாமல் தவித்ததைச் சொன்னேன். "ஆளு வாசல்ல நிக்கிறாரு, மாலை கால்ல விழுது" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கோயில் மதிலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். கொட்டகைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது: "ஆளு வாசல்ல நிக்கிறாரு, மாலை கால்ல விழுது!" அதன் பின்னால் ஒன்பது பேரின் சிரிப்பு. சுருளிவேலுக்குப் புரையேறிவிட்டது. யாரோ தலையில் தட்டுவதுகூடக் கேட்டது.

அந்த வாக்கியம் பேப்பரில் இல்லை. அது என்னுடையது. வெயிலில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பு அடங்கும்வரை கேட்டேன். சொல்லக் கொடுத்தவள் நான், சிரிப்பை வாங்கிக்கொள்கிறவள் அவள். காலையில் அதே செய்தியை "கோயமுத்தூர், மே ஒன்பது" என்று தொடங்கி நான்தான் வாசித்திருந்தேன். அப்போது ஒரு நாரும் நிற்கவில்லை.

இரண்டு வாரம் கேட்டில் நின்று அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் மதிலோரம் நின்று கேட்டேன்.

பிறகு ஒரு புதன்கிழமை, வீட்டில் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான்காம் பக்கத்தில் கீழே ஆறு வரிச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. படித்த உடனே எனக்குத் தோன்றியது இதுதான்: இதை அவளுக்குக் கொடுக்கக் கூடாது.

பத்து மணிக்கு முதல் பக்கத்தை வழக்கம் போல வாசித்தேன். இரண்டாம் பக்கத்தையும் வாசித்தேன். பிறகு பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"முத்துப்பேச்சி, நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணமாம்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மாப்பிள்ளைய வில்வண்டியில ஏத்தி அனுப்பியிருக்காங்க. விடியக்காலம். வண்டிக்காரனும் தூங்கிட்டான், மாப்பிள்ளையும் தூங்கிட்டான். மாடு பழகின தடத்துலயே போயிருச்சு. முழிச்சுப் பார்த்தா, மாப்பிள்ளை பட்டுவேட்டியோட மாட்டுச் சந்தையில நிக்கிறாரு."

விரல்கள் பின்னிக்கொண்டே இருந்தன. முடிந்தது என்று நினைத்தேன்.

"என்ன வெலைக்குக் கேட்டாகளாம்?" என்றாள் முத்துப்பேச்சி.

என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது: "மொதல்ல பல்லைப் பிடிச்சுப் பார்த்திருப்பாங்க."

ஆண்டிச்சாமிதான் முதலில் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. மதியச் சிரிப்பில் பாதிகூட இல்லை, நான் அளந்தேன். சுருளிவேல், "ஏலே, யாருலே அது டீச்சர் கொரல்ல பேசுறது?" என்றான். முத்துப்பேச்சி பேசாமல் தொட்டிக்குள் கையை விட்டு, நார் எடுக்க மறந்து, தண்ணீரிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு வீட்டுக்காரக என்ன செஞ்சாக?" என்றாள்.

அதைப் பேப்பரில் போட்டிருக்கவில்லை. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். பதினொரு மணி ஆகும்வரை சொன்னேன்.

பன்னிரண்டரைக்குப் பொன்னழகு ஓடிவந்தாள். பேப்பருக்குக் கையை நீட்டினாள்.

"இன்னைக்கு என்ன டீச்சர் விசேஷம்?"

நான்காம் பக்கம் உள்ளே போகும்படி மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

"ஒன்னும் இல்லைம்மா" என்றேன்.